நாணயத்துக்கு ஒரு வாக்கு: ஸ்டீம் தளத்தில் பயனர்கள் ஏன் வெகுண்டார்கள்

எழுதினால் பணம் கிடைக்கும், எழுதியதை யாரும் அழிக்க முடியாது, தளத்துக்கு முதலாளி என்று ஒருவரும் கிடையாது. பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேட்டில், இயங்கும் சமூகத் தளங்களைப் பற்றிச் சிங்கப்பூரில் நம்மவர்களிடையே பேச்சு எழும்போது இந்த மூன்று வாக்கியங்களும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவதைத்தான் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இத்தகைய தளங்களில் பயனர்களுக்கு ஏற்பட்ட மனக்கசப்புகளில் பெரும்பாலானவை, ஒரு தளமே இரண்டாகப் பிளந்துபோனது உட்பட, அந்த வாக்கியத்தை அப்படியே நம்பியதால் விளைந்தவை. முதலாளி இல்லாத இடத்திலும் முடிவுகளை யாராவது எடுத்தாக வேண்டும். யார் எடுக்கிறார், எந்த விதிப்படி எடுக்கிறார், அந்த முடிவு பிடிக்காதவர் என்ன செய்யலாம் என்ற மூன்றும் சேர்ந்ததையே ஆளுகை என்கிறோம்.

இதை விளக்க, எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்கும் தன் சொந்த மின்னிலக்க நாணயத்தைக் கொடுக்கும் ஸ்டீம் தளத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இத்தகைய தளங்களில் அது முன்னோடி. அதன் விதிகள் வெளிப்படையானவை. 2020ஆம் ஆண்டில் அங்கு நடந்த பூசலின் ஒவ்வொரு அடியும் எவரும் படிக்கக்கூடிய பதிவேட்டில் நேரம் தவறாமல் பதிவாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தப் பூசலின் மைய மனிதரான ஜஸ்டின் சன், ட்ரான் என்ற வேறொரு பிளாக்செயினுக்காகத் தொடங்கிய ட்ரான் அறக்கட்டளை 2017இல் நிறுவப்பட்டது நம் சிங்கப்பூரில்தான்.

எது எங்கே இருக்கிறது

ஸ்டீம் பிளாக்செயின் 2016 மார்ச் மாதத்தில் இயங்கத் தொடங்கியது. நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகிய இருவரும் சேர்ந்து அமெரிக்காவில் நிறுவிய ஸ்டீமிட் நிறுவனம் அதை உருவாக்கியது. புதிதாக வருபவர் முதலில் குழம்பும் இடம் இந்தப் பெயர்கள்தான். ஸ்டீம் என்பது பல கணினிகளில் ஒரே மாதிரியான பிரதிகளாக வைக்கப்பட்டிருக்கும் பதிவேடு. யார் என்ன எழுதினார், யார் யாருக்கு வாக்களித்தார், யாரிடம் எவ்வளவு நாணயம் இருக்கிறது என்பதெல்லாம் மூன்று விநாடிக்கு ஒருமுறை புதிய தொகுதியாக அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஸ்டீமிட் என்பது அந்தப் பதிவேட்டைப் படித்து அழகாகக் காட்டும் இணையத்தளம். அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் அதுவே. இணையத்தளம் ஒரு கட்டுரையை மறைத்தாலும் பதிவேட்டில் அது அப்படியே இருக்கும். வேறு யாரேனும் இன்னொரு இணையத்தளம் அமைத்து அதைக் காட்டலாம். எழுதியதை அழிக்க முடியாது என்ற பேச்சின் உண்மை அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்திலிருந்து அல்ல. பிளாக்செயின் ஒவ்வொரு நாளும் புதிய ஸ்டீம் நாணயங்களை உருவாக்குகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி அவற்றில் 75 விழுக்காடு எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்குமான பொதுத் தொகுப்புக்கும், 15 விழுக்காடு நாணயத்தைப் பூட்டி வைத்திருப்போருக்கும், 10 விழுக்காடு பதிவேட்டை இயக்குவோருக்கும் சென்றன. தொகுப்பின் அளவு நிலையானது. ஆகவே ஒருவருக்கு ஒரு வெள்ளி கூடுதலாகக் கிடைத்தால் மற்ற அனைவருக்கும் சேர்த்து ஒரு வெள்ளி குறைகிறது. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு இந்த ஒரு விதியே காரணம்.

நாணயத்தைக் கையில் வைத்திருப்பதும் பூட்டி வைப்பதும் வேறு வேறு. பூட்டி வைத்த நாணயத்துக்கு ஸ்டீம் பவர் என்று பெயர். வாக்களிக்கும் வலிமை அதற்கு மட்டுமே உண்டு. பூட்டியதை மீண்டும் எடுக்க நினைத்தால் ஒரே நாளில் எடுக்க முடியாது. 2020 பூசலின் காலம் வரை, தொடக்கத்தில் 104 வாரங்களும் பின்னர் 13 வாரங்களுமாகத் தவணை முறையில்தான் அது திரும்ப வந்தது. நீண்ட நாள் தங்க உடன்படுபவரே வாக்களிக்கட்டும், வந்த வேகத்தில் வாக்கை வாங்கி விற்றுவிட்டுப் போகிறவர் வேண்டாம் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இருபது இருக்கைகள், முப்பது வாக்குகள்

பதிவேட்டில் புதிய தொகுதிகளைச் சேர்ப்பவர்களுக்கு விட்னஸ் என்று பெயர். தமிழில் சாட்சிகள் என்று வைத்துக்கொள்வோம். அதிக வாக்குப் பெற்ற 20 பேர் நிலையான இருக்கைகளில் இருப்பார்கள். 21ஆவது இடம் அடுத்த நிலையில் உள்ளவர்களிடையே சுற்றிவரும். சாட்சிகளின் வேலை வெறும் கணக்கெழுதுவது அல்ல. எந்த மென்பொருளை இயக்குவது என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. மென்பொருளில்தான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை மாற்றும் பெரிய திருத்தம், அதாவது ஹார்ட் ஃபோர்க், நடைமுறைக்கு வர அந்த 21 பேரில் 17 பேர் புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். ஆக, நாடாளுமன்றமும் தேர்தல் துறையும் கருவூலமும் அந்த இருபது சொச்சம் பேரே.

அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? ஸ்டீம் பவர் வைத்திருக்கும் எவரும் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு கணக்கும் அதிகபட்சம் 30 சாட்சிகளுக்கு வாக்களிக்கலாம். தானே தேர்ந்தெடுக்கச் சோம்பல்படுபவர் தன் வாக்குரிமையை இன்னொருவரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். வாக்கின் எடை, பூட்டி வைத்த நாணயத்தின் அளவு. முப்பது பேருக்கு வாக்களித்தால் அந்த எடை முப்பதாகப் பிரியாது. ஒவ்வொருவருக்கும் முழு எடையும் போய்ச் சேரும். படிக்கும்போது எளிதாகக் கடந்துபோகக்கூடிய இந்த வரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தனி முதலீட்டாளரிடம் 100 மில்லியன் எடை இருப்பதாகவும், மற்ற பயனர்கள் அனைவரிடமும் சேர்த்து 95 மில்லியன் இருப்பதாகவும் கொள்வோம். அந்தப் பல்லாயிரம் பேரும் ஒற்றுமையாக ஒரே 20 பேருக்கு வாக்களிக்கிறார்கள். அவர்களுடைய வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் 95 மில்லியன் கிடைக்கிறது. முதலீட்டாளர் தன் ஆட்கள் 20 பேருக்கு வாக்களிக்கிறார். ஒவ்வொருவருக்கும் 100 மில்லியன். முடிவில் இருபது இருக்கைகளும் ஒருவருக்கே. மறு தரப்புக்கு ஒன்றுகூட இல்லை. வாக்கின் எடை வேட்பாளர்களிடையே பிரியும் முறை இருந்திருந்தால், 100க்கும் 95க்கும் இடையே இருக்கைகள் ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பிரிந்திருக்கும். எவராலும் 17ஐ எட்ட முடியாமல் இரு தரப்பும் பேசித்தான் தீர வேண்டியிருந்திருக்கும். ஐந்து மில்லியன் வித்தியாசம் முழு அரசாங்கத்தையும் கொடுத்துவிடுகிறது.

சொத்தின் அளவுக்கேற்ப வாக்களிப்பது நமக்குப் புதிதல்ல. கொண்டோமினியத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பொதுக்கூட்டத்தில் முறையான வாக்கெடுப்பு கோரினால், வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு மதிப்பின்படிதான் எண்ணிக்கை நடக்கும். பத்து ஆண்டுகளைக் கடந்த குடியிருப்பைக் கூட்டு விற்பனைக்கு விடுவதற்குப் பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டு உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு உட்பட்டதானால் 90 விழுக்காடு. ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. பிறருக்குப் பதிலாக வாக்களிக்க வருபவர் எத்தனை வீடுகளின் சார்பில் வரலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. மனக்குறை உள்ளவர் முறையிடுவதற்கு வாரியம் இருக்கிறது. ஸ்டீமில் பங்கு மதிப்பு மட்டுமே இருந்தது.

அப்படியானால் ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பிளாக்செயினுக்கு ஆளைத் தெரியாது, கணக்கை மட்டுமே தெரியும். ஒருவர் ஓர் இரவில் ஆயிரம் கணக்குகளைத் திறந்து ஆயிரம் வாக்குகளைப் போட்டால் தடுக்க வழியில்லை. சிங்பாஸ் போன்ற அடையாள முறை ஒன்றைக் கட்டாயமாக்கினால் தடுக்கலாம். ஆனால் அடையாளத்தைச் சரிபார்க்கும் அதிகாரம் ஒரு நிறுவனத்திடமோ அரசாங்கத்திடமோ போய்விடும், முதலாளியே இல்லாத தளம் என்ற பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். நாணயத்தை எண்ணுவது சிறந்தது என்பதற்காக அல்ல, எண்ணக்கூடியது அது ஒன்றே என்பதற்காகவே பெரும்பாலான தளங்கள் அதைத் தேர்ந்தெடுத்தன. ஈத்தீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2018இலும் 2021இலும் எழுதிய கட்டுரைகளில் இந்த வாக்குமுறையைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார். மாற்று வழிகளை அவரும் ஆலோசனையாகத்தான் முன்வைக்கிறார். எளிய தீர்வு எதையும் சொல்லவில்லை.

அன்றாடக் கசப்புகள்

பெரிய பூசலுக்கு வெகு காலத்துக்கு முன்பே பயனர்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். சாட்சிகளைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை. கட்டுரைகளுக்குக் கிடைக்கும் வாக்குகளே அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்தன.

தெம்பனிஸில் வசிக்கும் ஒருவர் தைப்பூசக் காவடிகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு கட்டுரை எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய நண்பர்கள் அறுபது பேர் வாக்களிக்கிறார்கள். கட்டுரையின் கீழே 12 டாலர் என்று காட்டுகிறது. பணம் உடனே கைக்கு வராது. ஏழு நாள் கழித்துத்தான் கணக்கில் சேரும். ஆறாம் நாள் மாலையில், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பெரிய கணக்கு ஓர் எதிர்வாக்கைப் போடுகிறது. அறுபது பேரின் எடையைவிட அந்த ஒரு கணக்கின் எடை அதிகம். எண் 12இலிருந்து சுழியத்துக்கு இறங்குகிறது. இணையத்தளம் கட்டுரையை மங்கலாக்கி மறைக்கிறது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்தக் கணக்குக்கு இல்லை. மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் யார், எந்த விநாடியில், எவ்வளவு எடையில் அதைச் செய்தார் என்பது தெளிவாகத் தெரியும். வெளிப்படைத்தன்மை என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுவும்தான். ஆனால் யார் அடித்தார் என்று தெரிவதால் வலி குறைவதில்லை.

எதிர்வாக்கை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் சாக்கு அல்ல. பெரிய கணக்கு வைத்திருப்பவர் ஒரு நாளைக்கு முழு வலிமையுடன் சுமார் பத்து வாக்குகள் போடலாம். அவர் பத்து முறை ஒற்றை வரியை எழுதிவிட்டுத் தனக்குத் தானே வாக்களித்தால், பொதுத் தொகுப்பிலிருந்து பணம் தாராளமாக அவருக்குப் போகும். இதைப் பலர் கூச்சமின்றிச் செய்தார்கள். வாக்கை வாடகைக்கு விடும் தானியங்கிக் கணக்குகளும் முளைத்தன. சிறு தொகையை அனுப்பினால் அவை உங்கள் கட்டுரைக்குப் பெரிய வாக்கைப் போடும். நல்ல கட்டுரையை மேலே கொண்டுவரும் என்று சொல்லப்பட்ட வாக்குமுறை, கட்டணம் கட்டியவரை மேலே கொண்டுவந்தது. தொகுப்பு பொதுச் சொத்து என்றால் அதைக் காக்க எதிர்வாக்கு தேவைதான். காவலர் யார் என்பதையும் நாணயத்தின் எடையே தீர்மானிக்கிறது என்பதுதான் சிக்கல்.

விதிகளைத் திருத்தியபோதும் அதிருப்தி தணியவில்லை. 2018 செப்டம்பரில் வந்த இருபதாவது ஹார்ட் ஃபோர்க், கணக்கில் உள்ள நாணயத்துக்கேற்பவே ஒருவர் எத்தனை முறை எழுதலாம், பதிலளிக்கலாம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. முதல் சில நாட்கள் சிறு பயனர்கள் பலரால் ஒரு மறுமொழிகூட எழுத முடியவில்லை. 2019 ஆகஸ்டில் வந்த இருபத்தொன்றாவது திருத்தம் எழுதுபவருக்கு 75, வாக்களிப்பவருக்கு 25 என்று இருந்த பங்கீட்டை 50க்கு 50 என்று மாற்றியது. எதிர்வாக்குக்கென்று தனியே இலவச வலிமையைக் கொடுத்தது. குறைந்த வாக்குகள் பெற்ற கட்டுரைகளுக்கு விகிதாச்சாரத்தில் இன்னும் குறைவாகக் கிடைக்கும்படி கணக்கை வளைத்தது. தன்வாக்கையும் வாடகை வாக்கையும் ஒடுக்குவதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. வாடகை வாக்கு உண்மையாகவே குறைந்தது. ஆனால் மாதம் முழுதும் எழுதிச் சில டாலர்கள் ஈட்டிக்கொண்டிருந்தவரின் பார்வையில், தன் வருமானத்தில் ஒரு பங்கை வெட்டி நாணயம் குவித்தவரிடம் கொடுக்க நாணயம் குவித்தவர்களே வாக்களித்துக்கொண்டதாகத்தான் அது தெரிந்தது. இரண்டு பார்வைகளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

2020: கதவை உடைத்தவர்கள் இரு பக்கமும்

ஸ்டீம் தொடங்கிய நாட்களில், வெளியார் அதிகம் அறியும் முன்பே, ஸ்டீமிட் நிறுவனம் கணினிகளை இயக்கிப் புதிய நாணயம் ஈட்டும் 'மைனிங்' முறையில் நாணயத்தின் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பங்கு சுருங்கி, 2020 வாக்கில் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தது. தளத்தின் வளர்ச்சிக்காகவே அதைச் செலவிடுவோம், சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்த மாட்டோம் என்பது நிறுவனம் கொடுத்த வாக்கு. பயனர்கள் அதை நம்பினார்கள். ஆனால் அந்த உறுதிமொழி மென்பொருளில் எழுதப்படவில்லை. எல்லாவற்றையும் மென்பொருள் விதியாக எழுதிவைப்பதே தன் சிறப்பு என்று சொல்லிக்கொண்ட ஓர் அமைப்பு, இருப்பதிலேயே பெரிய ஆபத்தை வாய்ச்சொல்லுக்கு விட்டுவைத்திருந்தது.

2020 பிப்ரவரி 14ஆம் தேதி, ட்ரான் அமைப்பின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. நிறுவனத்தோடு அந்த நாணயக் குவியலும் கைமாறியது. புதிய உரிமையாளர் பழைய உறுதிமொழிக்குக் கட்டுப்படுவாரா என்பது எவருக்கும் தெரியவில்லை. சாட்சிகள் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 23ஆம் தேதி, தங்கள் மென்பொருளில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து, அந்தக் குவியல் இருந்த கணக்குகள் வாக்களிக்கவோ நாணயத்தை நகர்த்தவோ முடியாதபடி முடக்கினார்கள். இது தற்காலிகமானது, பேச்சு முடிந்ததும் நீக்கிவிடலாம் என்று சொன்னார்கள்.

அந்த நாளைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் இந்தப் படியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உங்கள் நாணயத்தை எவரும் தொட முடியாது என்பதே பிளாக்செயினின் முதல் வாக்குறுதி. இருபது பேர் ஓர் அறையில் கூடிப் பேசி, பயந்த ஒரு காரணத்துக்காக, இன்னும் எந்தத் தவறும் செய்யாத ஒருவரின் நாணயத்தை முடக்க முடிந்தது என்றால், அந்த வாக்குறுதியை முதலில் மீறியவர்கள் பயனர்களின் காவலர்களாகக் கருதப்பட்டவர்களே. சன் தரப்பு தனியுடைமையின் பெயரால் முறையிட்டபோது அந்த முறையீட்டில் உண்மை இருந்தது.

அதற்குச் சன் தரப்பு செய்த எதிர்வினைதான் எல்லை மீறியது. மார்ச் 2ஆம் தேதி பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய மூன்று நாணயப் பரிமாற்றத் தளங்கள், அதாவது மின்னிலக்க நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனங்கள், தங்களிடம் இருந்த வாடிக்கையாளர்களின் ஸ்டீம் நாணயத்தைப் பூட்டி, அந்த எடையுடன் சன் தரப்புச் சாட்சிகளுக்கு வாக்களித்தன. பொலோனியெக்ஸில் சன் ஏற்கெனவே முதலீடு செய்திருந்தார். மேலே போட்ட கணக்கு அன்று கண்ணெதிரே நடந்தது: இருபது இருக்கைகளும் ஒரே நாளில் மாறின. ஆண்டுக்கணக்கில் பயனர்கள் அறிந்திருந்த சாட்சிகள் போய், எவருக்கும் தெரியாத புதுக் கணக்குகள் அமர்ந்தன. முடக்கம் நீங்கியது.

வாக்களித்த நாணயம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். பரிமாற்றத் தளத்தில் நாணயத்தை வாங்கி அங்கேயே விட்டுவைத்திருந்த சாதாரண மக்களுடையது. அவர்களில் பலர் பயனர் தரப்பின் ஆதரவாளர்களாகவே இருந்திருக்கலாம். அவர்களைக் கேட்காமல், அவர்களுடைய நாணயத்தைக் கொண்டே அவர்களுடைய சாட்சிகள் நீக்கப்பட்டார்கள். பூட்டிய நாணயம் திரும்ப 13 வாரங்கள் ஆகும் என்ற விதி வேறு இருந்தது. நீண்ட நாள் தங்குபவருக்கே வாக்கு என்ற அந்தப் பாதுகாப்பு, தங்களுக்குச் சொந்தமில்லாத நாணயத்தைப் பூட்டத் துணிந்தவர்களிடம் செல்லுபடியாகவில்லை. நட்டம் அவர்களுக்கு இல்லையே.

கண்டனம் வலுத்ததும் பைனான்ஸும் ஹுவோபியும் இதை வழக்கமான மேம்பாடு என்று எண்ணிவிட்டோம் என்ற வகையில் விளக்கம் தந்து வாக்குகளைத் திரும்பப் பெற்றன. உறங்கிக்கிடந்த பயனர்களும் எழுந்து வாக்களித்தார்கள். பழைய சாட்சிகளில் சிலர் இருக்கைகளை மீட்டார்கள். ஆனால் எந்தத் தரப்பாலும் 17ஐத் தொட முடியவில்லை. சமரசப் பேச்சும் கைகூடவில்லை.

கடைசியில் பயனர்களில் ஒரு பெரும் பகுதியினர் வெளியேறினார்கள். பிளாக்செயினில் வெளியேறுவதற்கு ஒரு தனி வழி உண்டு. மென்பொருளும் பதிவேடும் திறந்தவை என்பதால், முழுவதையும் அப்படியே நகலெடுத்து வேறு பெயரில் தொடரலாம். 2020 மார்ச் 20ஆம் தேதி ஹைவ் என்ற பெயரில் அது நடந்தது. ஸ்டீமில் எவ்வளவு வைத்திருந்தீர்களோ அவ்வளவு ஹைவ் நாணயம் உங்களுக்குக் கிடைத்தது. எழுதியவை அனைத்தும் கூடவே வந்தன. ஸ்டீமிட் நிறுவனத்தின் குவியல் மட்டும் நகலில் சேர்க்கப்படவில்லை. சன் தரப்புச் சாட்சிகளை ஆதரித்த வேறு சில கணக்குகளும் விலக்கப்பட்டன. அதுவும் ஒரு புதிய மனக்குறையாயிற்று. பழைய ஸ்டீமில் மே 20ஆம் தேதி பதிலடி வந்தது: ஒரு ஹார்ட் ஃபோர்க் மூலம், ஹைவ் பக்கம் சாய்ந்தவர்களுடையவை உள்ளிட்ட 64 கணக்குகளிலிருந்து 23.6 மில்லியன் ஸ்டீம் நாணயம் பறிக்கப்பட்டது. பிப்ரவரியில் ஒரு தரப்பு மற்றவரின் நாணயத்தை முடக்கியது; மே மாதத்தில் மறு தரப்பு மற்றவரின் நாணயத்தை எடுத்தே கொண்டது.

ஹைவ் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை

ஹைவ் கற்றுக்கொண்ட பாடங்கள் விதிகளில் தெரிகின்றன. புதிதாகப் பூட்டிய நாணயத்துக்குச் சாட்சி வாக்குரிமை 30 நாள் கழித்துத்தான் வரும். ஆகவே ஒரே இரவில் பரிமாற்றத் தளத்தின் குவியலைக் கொண்டுவந்து இருக்கைகளைக் கவிழ்க்க முடியாது, மற்றவர்கள் விழித்துக்கொள்ள ஒரு மாதம் கிடைக்கும். 2021இல் வந்த திருத்தத்தின்படி, ஓராண்டாக ஆளுகை வாக்கு எதையும் புதுப்பிக்காதவரின் வாக்குகள் காலாவதியாகின்றன. எப்போதோ வாக்களித்துவிட்டு மறந்துபோனவர்களின் தயவில் ஒருவர் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. புதிய நாணயத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகிறது; அதிலிருந்து யாருக்கு, எந்தப் பணிக்குக் கொடுப்பது என்பதைப் பயனர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

முப்பது வாக்குகள், ஒவ்வொன்றுக்கும் முழு எடை என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது. எதிர்வாக்குப் பூசல்களும் ஓயவில்லை. பொது நிதியிலிருந்து பெரும் தொகை பெறும் திட்டங்களுக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பு போதுமானதாக இல்லை என்ற குறை அங்கே அடிக்கடி எழுகிறது; எந்தத் திட்டத்துக்கு நிதி கிடைக்கும் என்பதையும் பெரிய கணக்குகளின் எடையே தீர்மானிக்கிறது. பிரிந்துபோக முடியும் என்பது பெரிய உரிமைதான், சாதாரணச் சமூக ஊடகத்தில் அது கிடையவே கிடையாது. ஆனால் பிரிந்துபோகிறவர்கள் தங்களோடு சொத்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பட்டியலின் உச்சியில் இருந்த பெயர் நீங்கியது. அடுத்த பெயர்கள் ஒரு படி மேலேறின.

சிங்கப்பூரில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

மார்ச் 2 போன்ற நாள் இங்கே நேராமல் தடுக்கும் சில விதிகள் இப்போது இருக்கின்றன. மின்னிலக்க நாணயச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சொத்தைத் தங்கள் சொத்தோடு கலக்காமல், வாடிக்கையாளருக்காகப் பொறுப்பேற்றுக் காக்கும் 'டிரஸ்ட்' முறையில் தனியே வைத்திருக்க வேண்டும் என்றும், சில்லறை வாடிக்கையாளர்களின் நாணயத்தைக் கடனுக்கு விடவோ பூட்டி வைத்து வருமானம் ஈட்டவோ வழிசெய்யக் கூடாது என்றும் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2023 ஜூலையில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2022 ஜனவரியில், இத்தகைய சேவைகளைப் பொது இடங்களில் விளம்பரப்படுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதலும் வந்துவிட்டது. இவை உரிமம் பெற்று இங்கு இயங்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துபவை. பிளாக்செயினில் இருபது சாட்சிகள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதில் ஆணையத்துக்கு வேலை இல்லை. உங்கள் கட்டுரைக்கு விழுந்த எதிர்வாக்கைப் பற்றி அங்கே புகார் கொடுக்கவும் முடியாது.

எனவே கணக்குத் திறக்கும் முன் சிலவற்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நாணயம் பரிமாற்றத் தளத்தில் இருக்கிறதா, நீங்கள் மட்டுமே அறிந்த கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியின் கீழ் இருக்கிறதா என்பது முதலாவது. பரிமாற்றத் தளத்தில் இருக்கும் நாணயத்தின் வாக்கு உங்கள் கையில் இல்லை. முதல் இருபது சாட்சிகளின் பட்டியலைத் திறந்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த எடையில் எவ்வளவு ஒரே ஒரு கணக்கிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் அதே கணக்கின் பெயர் வந்தால் அந்தத் தளத்தை ஆள்பவர் யார் என்பது தெரிந்துவிடும். நிறுவனர்கள் கொடுத்த உறுதிமொழிகளில் எவை மென்பொருளில் இருக்கின்றன, எவை பேட்டிகளில் மட்டும் இருக்கின்றன என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். உங்கள் கணக்கில் வாக்குரிமையை வேறொருவரிடம் ஒப்படைக்கும் கட்டம் ஒன்று இருக்கும். தொடக்கத்தில் யாரோ சொன்னார் என்று அதில் ஒரு பெயரை நிரப்பியிருந்தால், அந்தப் பெயருக்குரியவர் இப்போது யாருக்கு வாக்களித்திருக்கிறார் என்பதையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.